முறையாக வந்தவர்களும் முள்வேலிக்குள்தான் இருந்தார்கள்

“அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஒரு தவறும் செய்யாதவர்கள். இவர்களோ சட்டத்தை மீறி எல்லை தாண்டி வந்தவர்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசினால், அன்று துன்பப்பட்டவர்களைத்தான் அவமதிக்கிறீர்கள்.”

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம்களை நினைவூட்டி, இன்று அமெரிக்காவில் குடியேறிகளை அடைத்துவைக்கும் முகாம்களை யாராவது கண்டித்தால், உடனே எழும் பதில் இதுதான். அரசியல்வாதிகள் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. அங்கே வாழும் நம்மவர் வீட்டு விருந்துகளிலும் இதே பேச்சு எழுகிறது. “நாங்கள் விசா வாங்கி வந்தோம், கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கில் காத்துக்கிடக்கிறோம். குறுக்கே புகுந்தவனுக்கு என்ன பரிவு?” என்ற ஆற்றாமையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. காத்திருப்பின் வலி உண்மையானது. அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அந்த வலியிலிருந்து பிறக்கும் இந்த வாதம் வரலாற்றுக்கு நேர்மாறானது. குடியுரிமை, சட்டம் என்ற இரண்டு சொற்களை நம்பித்தான் அது நிற்கிறது. 1942-ல் அந்த இரண்டு சொற்களும் என்ன பாடுபட்டன என்பதைப் பார்க்கலாம்.

அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அடுத்த சில வாரங்களில் கலிஃபோர்னியா, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் தெருக்களில் அறிவிப்புத் தாள்கள் ஒட்டப்பட்டன. ஜப்பானிய வம்சாவளியினர் அனைவருக்குமான கட்டளை அது. யாரெல்லாம் வெளியேற வேண்டும் என்று சொல்லும் இடத்தில், ‘அந்நியரும் அந்நியர் அல்லாதாரும்’ என்று எழுதியிருந்தது. அந்நியர் அல்லாதார் என்றால் யார்? அந்த மண்ணில் பிறந்த அமெரிக்கக் குடிமக்கள். அவர்களைக் குடிமக்கள் என்று எழுத ராணுவத்துக்குக் கை வரவில்லை. அப்படி எழுதியிருந்தால் அந்தத் தாள் தன்னைத் தானே சட்டவிரோதம் என்று அறிவித்துக்கொண்டதுபோல் ஆகியிருக்கும். அதனால் குடிமகன் என்ற சொல்லையே தூக்கிவிட்டு, அந்நியனுக்கு எதிர்ப்பதம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

சுமார் 1,20,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குடிமக்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, குடும்ப எண் எழுதிய அட்டையைச் சட்டையில் மாட்டிக்கொண்டு பேருந்திலும் ரயிலிலும் ஏறினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் அருகே சான்ட்டா அனிட்டா குதிரைப் பந்தயத் திடலில் 18,000-க்கும் மேற்பட்டவர்களைத் தங்கவைத்தார்கள். குதிரை லாயத்தில் சுண்ணாம்பு அடித்து, அதையே வீடு என்றார்கள். அந்த இடத்துக்கு அரசு வைத்த பெயர் ‘ஒன்றுகூடும் மையம்’. பிறகு மான்ஸனார், டூல் லேக், டோபாஸ், ஹார்ட் மவுன்டன் என்று பாலைவனங்களிலும் சதுப்பு நிலங்களிலும் பத்து நிரந்தர முகாம்கள் எழுந்தன. அவற்றின் பெயர் ‘மீள்குடியமர்வு மையம்’. வேலியைச் சுற்றி நின்ற காவல் கோபுரங்களில் துப்பாக்கிகள் உள்நோக்கித் திரும்பியிருந்தன. 1943 ஏப்ரலில் டோபாஸ் முகாமில், வேலியோரம் நடந்துகொண்டிருந்த ஜேம்ஸ் வக்காசா என்ற 63 வயது முதியவரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார்.

ஆக, குடியுரிமை அவர்களைக் காக்கவில்லை. ‘அவர்கள் குடிமக்கள்’ என்று இன்று உரக்கச் சொல்பவர்கள், சொல்ல வேண்டிய நேரத்தில் அரசும் ராணுவமும் உச்ச நீதிமன்றமும் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டன என்பதை மறந்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்காகத்தான் செய்தோம் என்ற சமாதானமும் எடுபடாது. ஜப்பான் குண்டு வீசித் தாக்கிய முத்துத் துறைமுகம் (பேர்ல் ஹார்பர்) இருந்த ஹவாயில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். அங்கே பெருந்திரளாக யாரையும் அடைக்கவில்லை; பிடிபட்டவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. அவர்கள் இல்லாவிட்டால் தீவுகளின் தொழிலும் துறைமுகமும் படுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குண்டு விழுந்த இடத்தில் இல்லாத ஆபத்து, கடலுக்கு இப்பால் இரண்டாயிரம் மைல் தள்ளி எப்படி முளைத்தது? கலிஃபோர்னியாவின் காய்கறி விவசாயிகள் சங்க நிர்வாகி ஒருவர் 1942-லேயே ஒரு வார இதழிடம் அதை ஒளிக்காமல் சொன்னார். ஜப்பானியர் போவதில் எங்களுக்கு ஆதாயம் இருக்கிறது, போருக்குப் பிறகும் அவர்கள் திரும்பி வரக் கூடாது என்பதே அவர் சொன்னதன் சாரம்.

சரி, மூன்றில் இரண்டு பங்கினர் குடிமக்கள் என்றால் மிச்சமுள்ள ஒரு பங்கினர்? அவர்கள் ‘இஸ்ஸெய்’ என்று அழைக்கப்பட்ட முதல் தலைமுறை. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளாக அங்கே நிலத்தை உழுதவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். அவர்கள் ஏன் குடிமக்கள் ஆகவில்லை? ஆக முடியாது என்று சட்டம் இருந்தது. வெளிநாட்டில் பிறந்த ‘சுதந்திரமான வெள்ளை மனிதர்’ மட்டுமே குடியுரிமை பெறலாம் என்று 1790-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பின்னாளில் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள், ஆசியரைச் சேர்க்கவில்லை. பெர்க்லியில் படித்து, வீட்டில் ஆங்கிலம் பேசி, ஹவாயில் குடும்பத்தோடு வாழ்ந்த தக்காவோ ஒசாவா உச்ச நீதிமன்றம் வரை போனார். 1922 நவம்பரில், நீர் காக்கேசிய இனம் அல்ல என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியது நீதிமன்றம்.

மூன்று மாதம் கழித்து அதே நீதிமன்றத்தின் முன் இந்தியர் ஒருவர் நின்றார். பகத் சிங் தின்ட், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். காக்கேசிய இனம்தானே வேண்டும், நான் அந்த இனம் என்று இனவியல் அறிஞர்களே எழுதியிருக்கிறார்களே என்று கேட்டார். ஒசாவாவுக்குச் சொன்ன அளவுகோலை நீதிபதிகள் சத்தமில்லாமல் மாற்றினார்கள். அறிஞர்கள் என்ன எழுதினாலும், சாதாரண வெள்ளைக்காரர் பார்வையில் நீர் வெள்ளையர் அல்ல என்றார்கள். தீர்ப்பு வந்த நாள் 1923 பிப்ரவரி 19. சரியாக 19 ஆண்டுகள் கழித்து, அதே நாளில்தான் ரூஸ்வெல்ட்டின் ஆணை வந்தது. இந்தியருக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது 1946-ல். ஜப்பானியருக்கு 1952-ல்.

முதலில் ஒருவர் குடிமகன் ஆகக் கூடாது என்று சட்டம் எழுதுகிறார்கள். பிறகு, குடிமகன் ஆகாமல் இருக்கிறாயே, உன் விசுவாசம் எந்த நாட்டுக்கு என்று கேட்கிறார்கள். இந்தக் கயமையைப் புரிந்துகொள்ளாமல் ‘சட்டப்படி வந்தவர்’, ‘சட்டவிரோதமாக வந்தவர்’ என்று மனிதர்களைப் பிரிப்பது, வேலி போட்டவர் வரைந்த கோட்டையே நியாயத்தின் எல்லையாக எடுத்துக்கொள்வதாகும்.

இதைவிட அப்பட்டமான சான்று ஒன்று உண்டு. பெரு நாட்டு ஜப்பானியரின் கதை. அமெரிக்காவின் பள்ளிப் பாடங்களிலும் அது அதிகம் பேசப்படுவதில்லை.

போர்க்காலத்தில் அமெரிக்க அரசு லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து சுமார் 2,200 ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து வரச் செய்தது. அவர்களில் 1,800 பேர் பெருவைச் சேர்ந்தவர்கள். கடைக்காரர்கள், முடிதிருத்துபவர்கள், ஆசிரியர்கள், பருத்தி விவசாயிகள். பெருவில் ஏற்கெனவே வெறுப்பு மூண்டிருந்தது. 1940-ல் லிமாவில் ஜப்பானியர் கடைகளைச் சூறையாடினார்கள். அவர்களைத் தொலைத்துத் தலைமுழுக அந்த நாட்டு அரசுக்கும் ஆசை. ஜப்பானிடம் சிக்கியிருந்த அமெரிக்கர்களுக்குப் பதிலாகக் கொடுக்க ஆட்கள் வேண்டும் என்பது வாஷிங்டனின் தேவை. இருவர் கணக்கும் ஒத்துப்போனது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. வீட்டிலிருந்து பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். கடவுச்சீட்டுகளைப் பறித்துக்கொண்டார்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கி, ஆடை களையச் செய்து, பூச்சிமருந்து தெளித்த பிறகு அவர்கள் மேல் சுமத்திய குற்றம் என்ன தெரியுமா? உரிய ஆவணம் இல்லாமல் அமெரிக்காவுக்குள் சட்டவிரோதமாக நுழைந்தது.

துப்பாக்கி முனையில் கொண்டுவந்தவர்களே ‘ஏன் வந்தாய்’ என்று கேட்டார்கள். ஆவணத்தைப் பறித்தவர்களே ‘ஆவணம் எங்கே’ என்று கேட்டார்கள். இந்த ஒரு நிகழ்வை நெஞ்சில் வாங்கிக்கொண்டவர் எவரும், ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல்லை ஒரு மனிதரின் பிறவிக் குறைபோல மறுபடி உச்சரிக்க மாட்டார்.

அவர்களைக் குடும்பத்தோடு அடைத்துவைத்த இடம் டெக்சஸ் மாநிலத்தின் கிறிஸ்டல் சிட்டி. அங்கே ஒரு நீச்சல்குளம் உண்டு. அதில் பிள்ளைகள் குதித்து விளையாடுவதைப் படம் பிடித்து, எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறோம் பாருங்கள் என்று அரசு ஒரு செய்திப்படம் எடுத்தது. பெருவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் சிறுமிகள் இருவர் 1944-ல் அதே குளத்தில் மூழ்கி இறந்தார்கள். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களில் 800-க்கும் மேற்பட்டவர்களைக் கைதிப் பரிமாற்றத்தில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஜப்பானையே பார்த்திராத பிள்ளைகளும் உண்டு. போர் முடிந்ததும் பெரு அவர்களில் பெரும்பாலோரைத் திரும்ப ஏற்க மறுத்தது. சட்டவிரோதமாக வந்தவர்கள் என்ற காரணத்தைக் காட்டி, எஞ்சியவர்களையும் நாடு கடத்த முனைந்தது அமெரிக்கா. வெய்ன் காலின்ஸ் என்ற வழக்கறிஞர் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டியதால் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள். கிறிஸ்டல் சிட்டி முகாம், போர் முடிந்து இரண்டரை ஆண்டுகள் கழித்து 1948-ல்தான் மூடப்பட்டது.

1988-ல் மன்னிப்பும் இழப்பீடும் வந்தபோது இவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். முகாமில் இருந்த காலத்தில் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. இவர்கள்தான் ‘சட்டவிரோதமாக’ வந்தவர்கள் ஆயிற்றே! மற்றவர்களுக்கு 20,000 டாலர். இவர்கள் வழக்குப் போட்டு, பத்தாண்டுகள் கழித்து ஒரு சமரசத்தில் பெற்றது 5,000 டாலர். ஒரே முள்வேலி, ஒரே சாப்பாட்டுக்கூடம், ஒரே காவல் கோபுரம். ஆனால் துன்பத்துக்கு இரண்டு விலை. ‘குடிமக்கள் வேறு, மற்றவர்கள் வேறு’ என்ற வாதத்தை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோனால் வந்து நிற்கும் இடம் இதுதான்.

அடுத்தது, ‘அவர்கள் விசுவாசமானவர்கள்’ என்ற வாதம். முகாமுக்குள்ளிருந்தே ராணுவத்தில் சேர்ந்து, இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டு, பதக்கங்களைக் குவித்த 442-ஆவது படைப்பிரிவை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த வீரர்களின் தியாகத்துக்கு என் தலை தாழ்கிறது. ஆனால் தியாகம் செய்ததால்தான் அவர்களுடைய பெற்றோரை அடைத்தது தவறாயிற்றா? போருக்குப் போகாத செருப்புக் கடைக்காரரை அடைத்தது சரியா? 1943-ல் முகாம்களில் விசுவாசக் கேள்வித்தாள் ஒன்று கொடுத்தார்கள். ராணுவத்தில் பணியாற்றத் தயாரா, ஜப்பானியப் பேரரசருக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறாயா என்று கேட்டன அதன் 27, 28-ஆம் கேள்விகள். குடியுரிமைக்கே தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட இஸ்ஸெய் இதற்கு ஆம் என்றால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆகிவிடுவார். இல்லை என்றால் விரோதி. அவர்களுடைய பிள்ளைகளான ‘நிஸெய்’ இளைஞர்களோ, ஒருபோதும் கொண்டிராத விசுவாசத்தை எப்படிக் கைவிடுவது என்று திகைத்தார்கள். இல்லை, இல்லை என்று இரண்டுக்கும் பதில் எழுதியவர்களை டூல் லேக் முகாமுக்குப் பிரித்து அனுப்பினார்கள்.

ஹார்ட் மவுன்டன் முகாமில் இளைஞர்கள் வேறொரு பதில் சொன்னார்கள். எங்கள் குடும்பங்களை முதலில் விடுவியுங்கள், உரிமைகளைத் திருப்பித் தாருங்கள், பிறகு போருக்கு வருகிறோம் என்றார்கள். 1944-ல் ஒரே வழக்கில் 63 பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். பல ஆண்டுகள் அவர்களுடைய சொந்தச் சமூகமே அவர்களைக் கோழைகள் என்று ஒதுக்கிவைத்தது. ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் கழகம் அவர்களிடம் பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டது 2002-ல். அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பழுக்கற்றவர்கள் மட்டும் அனுதாபத்துக்கு உரியவர்கள் என்ற எண்ணம் அந்தக் கேள்வித்தாளின் எண்ணம். சிறை வைத்தவர் கையிலிருந்த சல்லடையை வாங்கி, இறந்தவர்களையும் அதில் போட்டுச் சலிக்கிறோம்.

‘அதெல்லாம் முடிந்துபோன கதை. மன்னிப்புக் கேட்டாயிற்று, தீர்ப்பும் தவறு என்று சொல்லியாயிற்று’ என்பார்கள். தீர்ப்பின் கதையைப் பார்ப்போம். ஆணைக்குக் கீழ்ப்படிய மறுத்துக் கைதான ஃப்ரெட் கொரெமாட்சுவின் வழக்கில் 1944 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. ஜப்பானிய அமெரிக்கர்களால் பெரிய ஆபத்து இல்லை என்ற கடற்படை உளவுத் துறை அறிக்கையை அரசு வழக்கறிஞர்கள் நீதிபதிகளிடம் மறைத்தார்கள் என்பது பின்னாளில் வெளிவந்தது. 1983-ல் சான் பிரான்சிஸ்கோ நீதிபதி மேரிலின் ஹால் படேல் கொரெமாட்சுவின் தண்டனையை ரத்து செய்தார். ஆனால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. 2018-ல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒருவழியாக, அது வழங்கப்பட்ட அன்றே தவறான தீர்ப்பு என்று எழுதினார். எந்த வழக்கில் எழுதினார்? முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளின் மக்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடை விதித்த டிரம்பின் ஆணையைச் செல்லும் என்று சொன்ன வழக்கில். பாதுகாப்பு என்று அதிபர் சொன்னால் நீதிமன்றம் உள்ளே புகுந்து பார்க்காது என்ற பழைய நிலை அங்கே உயிரோடு இருந்தது. பழைய தீர்ப்பைப் புதைத்த கையாலேயே அதே ஆபத்தான தர்க்கத்தை மறுபடி நட்டுவிட்டீர்கள் என்ற கருத்தில் நீதிபதி சோனியா சோட்டோமயோர் மறுப்புரை எழுதினார்.

முத்துத் துறைமுகம் தாக்கப்பட்ட 1941 டிசம்பர் 7 இரவே இஸ்ஸெய் தலைவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி அழைத்துப் போனபோது அரசு கையில் வைத்திருந்தது 1798-ஆம் ஆண்டின் எதிரி அந்நியர் சட்டம். 2025 மார்ச்சில் அதே சட்டத்தை மீண்டும் எடுத்தார்கள். முன்பு போர் அறிவித்த காலங்களில் மட்டுமே கையாண்ட சட்டம் அது. இந்த முறை போரும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வெனிசுவேலர்களைக் குற்றக் கும்பல் உறுப்பினர்கள் என்று சொல்லி, அதை மறுத்து வாதாட வாய்ப்புத் தராமல், எல் சால்வடோரின் பெருஞ்சிறைக்கு விமானத்தில் அனுப்பினார்கள். புகலிடம் கேட்டு வழக்கு நிலுவையில் இருந்தவர்களும் அதில் அடக்கம். முறையான வரிசையில் நின்றவர்கள் அவர்கள்! அதே ஆண்டு ஜூலையில், அந்தச் சிறையிலிருந்த 252 வெனிசுவேலர்களைக் கொடுத்து, வெனிசுவேலாவில் இருந்த 10 அமெரிக்கர்களை மீட்டார்கள். பெரு ஜப்பானியரைக் கப்பலில் ஏற்றிய கணக்கும் இதுவேதான். ஒப்பிடாதே என்பவர்கள் இதை எந்தப் பெயரால் அழைப்பார்கள்?

நம்மவர் ஒருவரின் வழக்கும் இந்த வரிசையில் இருக்கிறது. ஈழத்திலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்த ஒரு தமிழர் 2017 பிப்ரவரியில் மெக்ஸிகோ எல்லையைத் தாண்டினார். 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். கடத்திச் சென்று அடித்தார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்ட அதிகாரிகள், அது புகலிடத்துக்குப் போதாது என்று கோரிக்கையைத் தள்ளினார்கள். அதை ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டு அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2020 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 25 கஜம்தான் உள்ளே வந்திருக்கிறீர், வாசலில் நிற்பவருக்கு உள்ள உரிமைக்கு மேல் உமக்கு இல்லை என்பது அதன் பொருள். விருந்து மேசையில் ‘குறுக்கே புகுந்தவன்’ என்று சொல்லும்போது, அந்த முகத்தையும் நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

வேறுபாடே இல்லை என்று நான் வாதிடவில்லை. 1942-ல் ஓர் இனத்தையே, கைக்குழந்தை முதல் கிழவர் வரை, ஒட்டுமொத்தமாக வாரினார்கள். இன்று பிடிபடுபவர்களில் பலருக்கு ஏதோ ஒரு விசாரணையாவது கிடைக்கிறது. எல்லையை நிர்வகிக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு என்பதையும் மறுக்கவில்லை. நான் மறுப்பது ஒன்றைத்தான்: ஆவணம் இல்லாதவர் என்று முத்திரை குத்திவிட்டால், பிறகு விசாரணையின்றி அடைப்பதும், பிள்ளைகளை வேலிக்குள் வைப்பதும், வேறு நாட்டுச் சிறைக்குத் தள்ளுவதும் பழைய முகாம்களோடு உறவற்ற வேறு விஷயங்கள் ஆகிவிடும் என்ற நம்பிக்கையை.

இந்த ஒப்பீடு முகாமில் இருந்தவர்களை அவமதிக்கிறதாம். யார் சொல்வது? கொரெமாட்சு தன் 84-ஆவது வயதில், 2003-ல், குவான்டனாமோ ராணுவச் சிறையில் விசாரணையின்றி அடைபட்டவர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார். அந்தக் கைதிகள் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல. பத்து வயதில் ஹார்ட் மவுன்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட நார்மன் மினேட்டா, 2001 செப்டம்பர் தாக்குதலின்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தார். அரேபியரையும் முஸ்லிம்களையும் இனம் பார்த்துத் தனியாகச் சோதிக்கக் கூடாது என்று உறுதியாக நின்றார். டூல் லேக் முகாமில் பிறந்த சட்சுக்கி இனா, 2019-ல் மற்ற முதியவர்களோடு டெக்சஸின் டிலி என்ற ஊருக்குப் போய், குடும்பங்களை அடைத்துவைக்கும் முகாமின் வேலியில் ஆயிரக்கணக்கான காகிதக் கொக்குகளைத் தொங்கவிட்டார். அப்போது அந்த முகாமின் அரசுப் பெயர் ‘குடும்ப வசிப்பிட மையம்’. அங்கிருந்து கிறிஸ்டல் சிட்டி ஒரு மணி நேரக் கார்ப் பயணம்.

அதே ஆண்டு ஜூனில் அவர்கள் ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில் ராணுவத் தளத்துக்குப் போனார்கள். அமெரிக்கப் பழங்குடிகளான அப்பாச்சி மக்களைக் கைதிகளாக வைத்திருந்த தளம் அது. அவர்களுடைய தலைவர் ஜெரோனிமோ அங்கேதான் இறந்தார். 1942-ல் 700 இஸ்ஸெய் ஆண்களை அங்கே அடைத்தார்கள். 2019-ல் துணையின்றி எல்லை தாண்டிய 1,400 பிள்ளைகளை அங்கே வைக்க அரசு திட்டமிட்டது. தள வாசலில் நின்று முதியவர்கள் தங்கள் கதையைச் சொன்னபோது, ராணுவக் காவலர் ஒருவர் கலைந்து போகச் சொல்லி அதட்டினார். எழுபதையும் எண்பதையும் தொட்டவர்கள் அவர்கள். நகர மறுத்து, பேசி முடித்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2024-ல் மூடப்பட்ட டிலி முகாம் மட்டும் 2025-ல் மறுபடி திறக்கப்பட்டது. பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய அமெரிக்கர்கள் பல நகரங்களில் நினைவு நாள் கூட்டம் நடத்துகிறார்கள். பகத் சிங் தின்ட்டை ‘நீர் எங்களில் ஒருவர் அல்ல’ என்று திருப்பி அனுப்பிய நாளும் அதுதான். அமெரிக்காவில் வாழும் தமிழர்களே, அடுத்த பிப்ரவரியில் உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். முகாமில் பிறந்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.